ஒரே வாக்குச்சீட்டில் மூன்று தீர்ப்புகள்

கருக்கலைப்பு, துப்பாக்கி, இனம், பாலினம் குறித்து அமெரிக்காவில் ஓயாமல் நடந்துவரும் விவாதத்தைப் 'பண்பாட்டுப் போர்' என்று முதலாளித்துவ ஊடகங்கள் அழைக்கின்றன. நாடு முற்போக்கு, பிற்போக்கு என இரு கூறாகப் பிளவுண்டு கிடப்பதாகவும் சித்தரிக்கின்றன. மிசோரி மாநில மக்கள் 2024 நவம்பரில் அளித்த வாக்குகள் இச்சித்திரத்தோடு பொருந்தவில்லை.

அத்தேர்தலில் மிசோரியில் டிரம்ப் ஏறத்தாழ 58 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதே வாக்குச்சீட்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்க்கும் திருத்தத்தை 51 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தி, ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பையும் வழங்கும் முன்மொழிவுக்கோ 57 சதவீதத்திற்கும் கூடுதலான ஆதரவு. கூட்டாட்சி அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது. தொழிற்சங்கங்களை நலிவடையச் செய்யவே கொண்டுவரப்பட்ட, 'வேலை செய்யும் உரிமை' என்ற மோசடிப் பெயர் தாங்கிய சட்டத்தை 2018ல் மூன்றில் இரு பங்கு வாக்காளர்கள் தூக்கியெறிந்ததும் இதே மாநிலத்தில்தான்.

2022 ஜூன் 24 அன்று, ரோ எதிர் வேட் வழக்கின் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அன்றே மிசோரியில் தடை அமலுக்கு வந்தது. வசதி படைத்த பெண் அண்டை மாநிலத்திற்குப் பயணம் செய்து சிகிச்சை பெற்றுவிடுவார். விடுப்பெடுத்தால் அன்றைய கூலியை இழக்கும் உணவகத் தொழிலாளிக்கு அந்தப் பயணமே பெரும் சுமை. உண்மையில், சட்டத்தில் உரிமை இருந்த காலத்திலேயே அது ஏழைப் பெண்களுக்குப் பெருமளவு மறுக்கப்பட்டிருந்தது. மெடிக்கெய்ட் காப்பீட்டின் கூட்டாட்சி நிதியைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதற்கு 1976ஆம் ஆண்டின் ஹைட் திருத்தம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, தடை விதித்தது. ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த காலங்களிலும் இதுவே நிலை. ரோ தீர்ப்பு வழங்கிய உரிமையைக் கூட்டாட்சிச் சட்டமாக்க அரை நூற்றாண்டில் அக்கட்சியால் இயலவில்லை. அந்த உரிமை பறிபோகும் என்ற அச்சத்தைக் காட்டி வாக்குக் கேட்க மட்டும் தவறியதில்லை.

குழந்தையைப் பெற்றே தீரவேண்டும் என்போர், பெற்ற தாய்க்கு என்ன தருகின்றனர்? ஊதியத்துடன் கூடிய தேசிய மகப்பேறு விடுப்பு அந்நாட்டில் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அளிப்பது ஊதியமற்ற 12 வாரங்கள் மட்டுமே. 50 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் பொருந்தாது.

மிசோரித் தொழிலாளர்கள் அனைவரும் முற்போக்காளர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்பையே முழக்கமாகக் கொண்டவருக்கு அவர்களில் பலர் வாக்களித்துள்ளனர். ஆனால் ஊதியமும் விடுப்பும் உடல் மீதான உரிமையும் வேட்பாளரின் பெயரின்றித் தனித்தனிக் கேள்விகளாக முன்வைக்கப்பட்டபோது, அவர்களின் விடை வேறாக இருந்தது.

குடியரசுக் கட்சியினர் இதை நன்கு புரிந்துகொண்டுள்ளனர். கருக்கலைப்பு உரிமை சாசனத்தில் இடம்பெற்றுவிட்டதால் அதை நீக்க மக்களிடம்தான் செல்லவேண்டும். எனவே 2026 நவம்பர் வாக்கெடுப்புக்கென அவர்கள் தயாரித்த திருத்தத்தில், பதின்வயதினரின் பாலின மாற்றச் சிகிச்சைக்கான தடையையும் சேர்த்துப் பிணைத்துள்ளனர். நோய் விடுப்போ சாதாரணச் சட்டம். அதைப் பறிக்க மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தொழிலதிபர் அமைப்புகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாநிலச் சட்டமன்றமே 2025ல் ரத்து செய்தது. விலைவாசிக்கேற்பக் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தும் ஏற்பாட்டையும் நீக்கியது. மே முதல் நாளில் நடைமுறைக்கு வந்த விடுப்பு, ஆகஸ்ட் முடிவதற்குள் முடிந்துபோனது.