எந்த லினக்ஸானாலும் வெட்டுப்படுவது தமிழ்ச் சொல்லே

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியான காக்ஸ் டவுனில் தமிழ் பல தலைமுறைகளாகப் புழங்கி வருகிறது. அங்கு அறையெடுத்துத் தங்கும் தமிழ் ஆய்வு மாணவருக்கு, மடிக்கணினியில் நிறுவ வேண்டியது உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா என்று அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமில்லை. அவர் ஆராயவிருக்கும் மொழியை அக்கருவிகள் என்ன செய்கின்றன என்று கேட்பவர்தாம் அரியர்.

வழங்கல் பற்றிய வினா எளிதில் முடிவது. முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் பெறும். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதங்களே ஆயுள். ஆய்வின் நடுவே கணினிச் சூழல் மாறுவதை விரும்பாதவர் முன்னதையோ டெபியனையோ தேர்ந்தால் போதும். ஆனால் எதைத் தேர்ந்தாலும், இந்திய மொழிகளை முன்னிறுத்தி சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸையே நிறுவினாலும், பின்வரும் பிழை அகலாது.

பைத்தானுடன் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நிரலகம் சொல்லின் உறுப்பாக எழுத்தையும் எண்ணையும் ஏற்கும். தமிழின் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஏற்காது. சைகிட்-லேர்னின் சொல்லெண்ணும் கருவி இந்நிரலகத்தின்மேல் நிற்பது. அதன் இயல்பமைப்பு ஓரெழுத்துத் துண்டுகளைத் தள்ளிவிடும். ஆகவே, 'தமிழ்' என்ற சொல்லை இட்டால் 'தம' என வெளிவரும். 'மொழி' என்பது 'ம', 'ழ' எனச் சிதறி முற்றிலும் மறைந்துபோகும். பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாது. அட்டவணை நிரம்பும், விழுக்காடு கிடைக்கும், கட்டுரையும் அச்சேறும்.

இன்னொன்றும் உண்டு. 'மொ' என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணக் கற்றவருக்கு 'மொழி' இரண்டெழுத்து. பைத்தானுக்கு அது ஒருவகையில் நான்கு, மற்றொரு வகையில் ஐந்து. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் கணினிக்கு இரு வேறு சொற்கள். தரவை என்.எஃப்.சி. வடிவுக்கு ஒருமைப்படுத்தாமல் எண்ணினால், ஒரே சொல்லின் நிகழ்வெண் இரண்டாகப் பிளவுபடும்.

பழியைக் கருவி செய்தவர்மேல் சுமத்துவது எளிது. ஆனால் அந்த இயல்பமைப்பு மறைத்து வைக்கப்பட்டதன்று. அதை மாற்றும் வழியும் அடைக்கப்படவில்லை. உயிர்க்குறிகளையும் சொல்லோடு சேர்த்தெண்ணும் 'ரெஜெக்ஸ்' நிரலகம் விலையின்றிக் கிடைக்கிறது. குறை, வெளிவந்த எண்ணை நம்பி, உள்ளே சென்ற சொல்லைத் திரும்பிப் பாராத ஆய்வுப் பழக்கத்தில் உள்ளது. எழுத்தின் இலக்கணத்தைத் தாள் தாளாக எழுதித் தேறியவர்களே, நிரலைத் தொட்டதும் ஆங்கிலத்தின் இலக்கணத்துக்குத் தமிழை ஒப்படைத்துவிடுகிறார்கள்.

சொல் எவ்விதியால் பிரிக்கப்பட்டது, எவ்வடிவுக்கு ஒருமைப்படுத்தப்பட்டது, எந்த நிரலகத்தின் எந்தப் பதிப்பு பயன்பட்டது என்ற மூன்றும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் எழுதப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்க வேண்டியதும் அவற்றையே. உபுண்டுவா ஃபெடோராவா என்னும் வழக்கு அதன்பின் நடக்கட்டும்.