எத்தனை பெர்சன்ட் என்று மட்டும் கேட்கும் ஊர்

பியருக்குப் புள்ளி போட அமெரிக்காவில் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். பியர் நடுவர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பின் தாள் அது. மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் எப்படி நிறைகிறது என்பதற்கு 5, பொது அபிப்பிராயத்துக்கு 10. நிறம், தெளிவு, நுரை எல்லாவற்றுக்கும் சேர்த்து வெறும் 3. நம் ஊர் பாரில் முதலில் கேட்கப்படும் கேள்வி “எத்தனை பெர்சன்ட்?” என்பது. அதற்கென்று அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

நான் குடியைப் புகழவும் வரவில்லை, மதுவிலக்குப் பிரசாரத்துக்கும் வரவில்லை. மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்று, பேராதனையில் கன்னொறுவைப் பக்கம் குடியிருப்பவன். நாக்கையும் மூக்கையும் வைத்துச் சோறு தின்றவன். அந்த உரிமையில்தான் பியரைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் ஒரு போத்தல் கொண்டுவந்தான். சிறு ஆலை ஒன்றில் கைப்பக்குவமாகக் காய்ச்சிய ஆம்பர் ஏல். சேதன முறையில் விளைந்த பார்லி, சேதன ஹாப்ஸ் என்று லேபிளில் பச்சை முத்திரை. பெயரைச் சொல்லப்போவதில்லை. 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடுக்கிறது. அந்தப் போத்தலை விற்றுக் கொடுக்கும் ஆசை எனக்கும் இல்லை.

“மாமா, நல்லா கூல் பண்ணிக் குடிங்க” என்றான். நான் நேர்மாறாகச் செய்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் விட்டேன். பனிக்கட்டிக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணமும் எழும்பாது. ஏல் வகைக்குப் பத்து பாகை செல்சியஸ் அளவு போதும். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். செம்பு கலந்த பொன்நிறம், தெளிவு, கிளாஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நுரை. அந்த மூன்று புள்ளியையும் தயங்காமல் கொடுக்கலாம்.

அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல. முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு வேகவைத்தால் உமிக்குள்ளேயே மாப்பொருள் சர்க்கரையாகும். பிறகு வறுத்தால் அந்தச் சர்க்கரை கருகிச் சிவக்கும். கிறிஸ்டல் மோல்ட் என்பார்கள். மூக்கை வைத்ததும் கித்துள் பாணி இறுகத் தொடங்கும்போது சட்டியிலிருந்து எழும் வாசனை வந்தது. அதன் மேல் ஹாப்ஸின் தோடம்பழத் தோல் வாசம் லேசாக.

தேயிலையை நாங்கள் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சிதறவிட்டுத் துப்புவோம். பியரைத் துப்பக் கூடாது. விழுங்கினால்தான் தொண்டைக்குப் பின்னாலிருந்து மணம் மூக்குக்கு ஏறும். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் தெரியும். முதல் மிடறில் இனிப்பும் கசப்பும் சரிக்குச் சரி. இரண்டாவதில்தான் அகப்பட்டது: நனைந்த காகித அட்டையின் வாசம். ஒட்சிசன் பட்டுப் பழசான பியரின் அடையாளம் அது. தேயிலையில் நாங்கள் கடிகாரம் பார்த்துக் காத்திருந்து வரவழைப்பதும் அதே ஒட்சியேற்றம்தான். அங்கே அதுதான் நிறமும் குணமும் கொடுக்கிறது, போத்தலுக்குள் நடந்தால் குற்றம். வெயிலிலும் விமானத்திலும் அலைந்த போத்தலுக்கு இது வரக்கூடியதே.

என் கணக்கு இது: மணத்துக்கு 7, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 12, வாய்நிறைவுக்கு 3, பொதுவாக 6. மொத்தம் 31. அந்தத் தாளின்படி 30-ஐத் தொட்டாலே ‘மிக நல்லது’ என்ற வகுப்பு. அதில் கடைசி வாங்குப் பிள்ளை. “ஓகானிக் என்பதற்கு ஒன்றும் இல்லையா?” என்று கேட்டான் மருமகன். இல்லை. சேதன முத்திரை மண்ணைப் பற்றிய சான்று. மண்ணுக்கு அது நல்லதாக இருக்கலாம், கிளாஸில் இருப்பது நல்லதா என்று அதனால் சொல்ல முடியாது.

பேராதனைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021-இல் ஒரே உத்தரவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நாட்டையே சேதன விவசாயத்துக்கு மாற்றப் பார்த்தார்கள். இங்கே பல்கலைக்கழக விவசாய பீடத்துப் பேராசிரியர்கள் எச்சரித்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பிறகு, அதே வருட இறுதிக்குள் உத்தரவு திரும்பிப் போனது. ஆனால் ஹப்புத்தளைப் பக்கம் இதல்கஸ்ஹின்ன தோட்டத்தில் 1980-களிலேயே சேதனத் தேயிலை தொடங்கினார்கள். வருடக்கணக்காக மண்ணைப் பழக்கி எடுத்தது அது. ஹாப்ஸும் அப்படிப்பட்ட பயிர்தான். பூஞ்சணம் எளிதில் பிடிக்கும் கொடி என்பதால் சேதன ஹாப்ஸ் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் சேதன பியர் என்று விற்க சேதன ஹாப்ஸே போட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை முத்திரை இருந்தாலும் ஹாப்ஸ் சாதாரணமானதாக இருக்கலாம்.

இனி நம் விஷயம். ருசி பார்க்கத் தெரியாத சனம் அல்ல நாம். 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1883-இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த மலைகளில் காயவைத்த ஒவ்வொரு கொழுந்துக்கும் நாக்குதான் விலை வைத்திருக்கிறது. டிரையரில் புகை கசிந்தால் புரோக்கரின் ரிப்போர்ட்டில் “ஸ்மோக்கி” என்று வரும். சூடு கூடினால் “பேக்கி”. அந்த ஒரு சொல்லுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று விலை விழும். அடுத்த வாரம் டிரையரைக் கழற்றிப் பார்க்காமல் டீமேக்கர் தூங்க முடியாது. குற்றத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்ததால்தான் சிலோன் டீக்கு ஒரு தரம் வந்தது.

பியரிலும் அந்த வழக்கம் இந்தப் பக்கம் அறவே இல்லாமல் இருக்கவில்லை. நுவரெலியாவில் 1849-இலேயே சாமுவேல் பேக்கர் பியர் காய்ச்சினார். 1881-இல் சிலோன் புரூவரி வந்தது. அங்கிருந்து வந்த லயன் ஸ்டவுட்டை மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்துக் கொடுத்த கடைகளில் ஒன்று கண்டி நகரத்து யூ.கே.டி. சில்வா. பியர் எழுத்துக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரர் மைக்கேல் ஜாக்சன் அதைத் தேடி வந்து குடித்துப் பாராட்டி எழுதிய பிறகுதான் வெளிநாட்டு ரசிகர்களுக்கு நம் ஸ்டவுட் தெரிய வந்தது. நாம் அதை நினைவில் வைத்திருப்பது “எட்டு தசம் எட்டு பெர்சன்ட்” என்று மட்டும்.

குறையைக் குடிப்பவர் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். சந்தை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களின் கையில். விளம்பரத் தடை நியாயமானதுதான், ஆனால் தகவலும் அதோடு சேர்ந்து போய்விட்டது. எந்த மோல்ட், எந்த ஹாப்ஸ் என்று அறிய வழியில்லை. மதுவரிச் சட்டமும் பியரை 5 சதவீதத்துக்குக் கீழே, மேலே என்று பிரித்துப் பழகியது. அரசும் கடைக்காரரும் குடிப்பவரும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால், கொடுத்த காசுக்கு அதிகம் ஏறுவதுதான் நல்ல சரக்கு என்றாகிவிடும். அந்தக் கணக்கில் பியர் எப்போதும் தோற்கும், கசிப்பு ஜெயிக்கும். சம்பள நாளில் லயத்து வாசலில் அந்தக் கணக்கு என்னவாக முடியும் என்று தோட்டத்தில் வாழ்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் என் கோரிக்கை மூன்று. ஒன்று, சிறு அளவில் பியர் காய்ச்சவும் கித்துள் கள்ளைப் போத்தலில் அடைக்கவும் தனியான, மலிவான அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. இரண்டு, உற்பத்தித் திகதியும் மோல்ட், ஹாப்ஸ் விபரமும் லேபிளில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வர வேண்டும். மூன்று, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானத் துறை இருக்கிறது. நாட்டில் விற்கும் பியரையும் கள்ளையும் பெயர் மறைத்து ருசித்து, குற்றங்களை வருடந்தோறும் வெளியிடும் பொறுப்பை அதற்குக் கொடுக்கலாம்.

பார்லியும் ஹாப்ஸும் இங்கே விளையாதே, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பார்கள். உண்மை, ஹாப்ஸுக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகையில் இருக்கும் நமக்கு அது வாய்க்காது. தேயிலையும் இந்த மண்ணில் பிறந்ததல்ல, 1824-இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த விருந்தாளிதான். தண்ணீரும் ஈஸ்டும் காய்ச்சுபவரின் கவனமும் உள்ளூரில் கிடைக்கும். ருசி பார்த்துக் குடித்தால் குடி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்று போதைக்கு மட்டும் விலை இருக்கிறது. குற்றம் சொல்லும் நாக்குக்கும் விலை இருந்தால், நல்லதைக் குறைவாகக் காய்ச்சுபவர் பிழைக்க இடம் கிடைக்கும்.