ரெட்டு விழுந்தாச்சு, பாலோ எங்கே?
வடசென்னை கேரம் வெற்றி பள்ளிக்கூடத்துக்குச் சொல்லும் பாடம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் சாயங்காலம் போனால் ஒரு காட்சி தப்பாது. சந்துக்குள் ஒரு கேரம் போர்டு. மேலே ஒரு பல்பு. நாலு பேர் ஆடுவார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த இரைச்சல் போர்டில் இருப்பவன் காதில் விழாது!

"வெட்டிப் பொழுது" என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் திட்டிய ஆட்டம் இது. அதே ஆட்டம்தான் இன்று வடசென்னைக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்திருக்கிறது.

3 தங்கம்

2024-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரம் போட்டி நடந்தது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா என்ற 17 வயதுப் பெண் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய 3 பிரிவிலும் தங்கம் வென்றார். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர். மகளுக்கு கேரம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே! தமிழக அரசு காசிமாவுக்கு ரூ.1 கோடி பரிசு கொடுத்தது.

அடுத்த ஆண்டு, 2025 டிசம்பரில், மாலத்தீவு நாட்டில் உலகக் கோப்பை நடந்தது. இந்தத் தடவை காசிமேட்டுப் பெண் கீர்த்தனா 3 தங்கம் வாங்கினார்.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. 2008-ல் பிரான்ஸ் நாட்டில் உலக சாம்பியன் ஆனவர் வியாசர்பாடி இளவழகி. சென்னை மரிய இருதயம் 1991, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக சாம்பியன். 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர் அவர்.

ரத்தத்தில் ஊறியதா?

"நம்ம ஏரியா பசங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துல ஊறினது" என்று டீக்கடையில் பெருமையாகப் பேசுவது உண்டு. பெருமை சரி. காரணம் சரியில்லை.

ரத்தம்தான் காரணம் என்றால், சந்துக்கு ஒரு சாம்பியன் வரவேண்டுமே! ஏன் வரவில்லை?

சந்தில் ஆடுகிறவன் தனக்கு வருகிற அடியையே திரும்பத் திரும்ப அடிக்கிறான். வராத அடியைத் தொடுவதே இல்லை. தோற்றால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடவேண்டும். ஆகவே அவன் ஜெயிக்கப் பார்க்கிறானே தவிர, கற்றுக்கொள்ளப் பார்ப்பதில்லை. பத்து வருஷம் ஆடினாலும் இரண்டாவது வருஷத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

முறையாகக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் கதை வேறு. முதலில் உட்காரும் விதம், கை வைக்கும் விதம். பிறகு நேர் அடி. அடுத்து கட். அதற்குப் பிறகு, போர்டின் சுவரில் மோதித் திரும்பிவரும் ரிபவுண்ட். தன் கோட்டுக்குப் பின்னால் கிடக்கும் காய்க்கு கட்டைவிரல் அடி. கடைசியில் பிரேக். ஒரு படி சரியாக வந்த பிறகே மறு படி.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரே அடியை 20 தடவை அடித்து, எத்தனை விழுந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். இன்று 20-க்கு 9. அடுத்த வாரம் 12. அடுத்த மாதம் 15. "நல்லா ஆடுறே", "மோசமா ஆடுறே" என்ற பேச்சுக்கே அங்கே இடம் இல்லை. நோட்டு சொல்லிவிடும்!

குறி தப்பாத ரகசியம்

இதில் இன்னொரு நுணுக்கம். ஒரே இடத்திலிருந்து ஒரே அடியை அடித்துக்கொண்டே இருந்தால் கை பழகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அது பாதி உண்மை.

1978-ல் கெர், பூத் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 8 வயதுக் குழந்தைகள் சின்னப் பொதி ஒன்றைக் குறிபார்த்து எறிய வேண்டும். ஒரு கோஷ்டி 3 அடி தூரத்திலேயே எறிந்து பழகியது. மற்ற கோஷ்டி 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறிப் பழகியது. 3 அடியைத் தொடவே இல்லை. கடைசியில் எல்லோருக்கும் 3 அடியில் பரீட்சை வைத்தார்கள். ஜெயித்தது யார் தெரியுமா? 3 அடியைத் தொடாத கோஷ்டி!

மாற்றி மாற்றிப் பழகிய கை, தூரத்துக்குத் தகுந்தபடி பலத்தைக் கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொள்கிறது. ஆகவே அடியைப் புதிதாகக் கற்கும்போது ஒரே இடம். கை வந்த பிறகு இடத்தை மாற்று. இது கேரத்துக்கு மட்டும் அல்ல. கூடைப்பந்து, கால்பந்து, கிரிக்கெட் பந்துவீச்சு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரே நாளில் 5 மணி நேரம் ஆடுவதைவிட, 5 நாள் ஒவ்வொரு மணி நேரம் ஆடுவதே மேல் என்பதும் பயிற்சியாளர்கள் கண்ட அனுபவம்.

மைதானம் எங்கே?

வடசென்னையில் கேரம் வளர்ந்ததற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம். கடற்கரை ஓரம் துறைமுகம். அதை ஒட்டி கன்டெய்னர் யார்டு. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் முழுக்க ஆலைகள். பையன்கள் ஓடி ஆட இடம் குறைவு. இடம் இருந்தாலும் காற்று நிச்சயம் இல்லை. 2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து ஓடியதை யாரும் மறக்கவில்லை.

கேரத்துக்கு மைதானம் வேண்டாம். 74 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 ரெட்டு, ஒரு ஸ்ட்ரைக்கர் போதும். பெண் பிள்ளையை வெளி மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில்கூட, தெருக்கோடி கிளப்புக்கு அனுப்புவார்கள். பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் முன்னால் நிற்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

கடன் போன பீரியட்

சரி, பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது?

"பி.டி. பீரியடா? கணக்கு சாரு எடுத்துக்கிட்டாரு!" பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது பழகிப்போன பேச்சு. 2023-ம் ஆண்டு விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலினே ஒரு பள்ளி விழாவில், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

கடன் போகாத பீரியடிலும் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு "ஆடுங்கடா" என்றால் அது பயிற்சி ஆகாது. நன்றாக ஆடும் நாலு பேர் பந்தை வைத்துக்கொள்வார்கள். மற்ற 36 பேர் நிழல் தேடி உட்காருவார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அந்த 36 பேர்தானே!

பெரிய செலவு ஒன்றும் இல்லை. 8 போர்டு இருந்தால் ஒரே சமயத்தில் 32 பேர் நாலு பக்கமும் உட்கார்ந்து அடி பழகலாம். பாக்கி 8 பேர் நோட்டில் எண்ணிக்கை குறிக்கலாம். 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை முறை மாறலாம். கிளப்பில் இருக்கும் அண்ணன், அக்காவை வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு அழைத்து, மாதம் ஒரு தொகை கொடுக்கலாம். போர்டு ஆடுவதில் கூட்டல் கழித்தலும் இருக்கிறது, கோணமும் இருக்கிறது. கணக்கு சாருக்கும் நஷ்டம் இல்லை!

இதில் வயிற்றுப்பாடும் அடங்கியிருக்கிறது. ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., எண்ணெய்க் கம்பெனிகள் கேரம் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்திருக்கின்றன. மூட்டை தூக்கும் வீட்டுப் பிள்ளைக்கும், மீன் விற்கும் வீட்டுப் பிள்ளைக்கும் மாதச் சம்பளத்துக்கு இது ஒரு வழி. ஆனால் அந்த வழியின் வாசல் வரை போக பத்து வருஷப் பயிற்சி வேண்டும். அந்தப் பத்து வருஷமும் இப்போது அப்பாவின் தலையில்தான்! ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து சொல்லிக்கொடுக்க எல்லாப் பிள்ளைக்கும் ஒரு அப்பா கிடைப்பாரா?

ஜெயித்த பிறகு கோடி கொடுப்பது நல்ல காரியம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஜெயிப்பதற்கு முன்னால் ஒரு போர்டு, ஒரு நோட்டு, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். இதற்கு ஆகும் செலவு அந்தக் கோடியில் ஒரு துளி.

கேரம் ஆடுகிற எவனுக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது. உடனே தன் காய் ஒன்றை பாலோ போடவேண்டும். போடாவிட்டால் ரெட்டு திரும்ப நடு போர்டுக்கே வந்துவிடும்.

வடசென்னைப் பெண்கள் இரண்டு தடவை ரெட்டைப் போட்டுவிட்டார்கள். பாலோ போடவேண்டியது பள்ளிக்கூடம்!