குறியீட்டை அழிக்க முன்னர்

கராஜ் வாசலில் நிற்கும்போது எந்தக் குறையும் காட்டாது. ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டியதும் கார் சோர்ந்துவிடும். மிதித்தாலும் வேகம் ஏறாது, முக்கோண லைற் பற்றும். ஓரங்கட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கடந்த மாரியில் எங்களிடம் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் கதை இது. அதற்கு முன் மூன்று கராஜ்கள் பார்த்திருந்தன. மூன்றும் முதலில் செய்த வேலை ஒன்றே: ஸ்கானரைக் கொழுவி, குறியீட்டை அழித்தது. மூன்றாவது இடத்தில் பெரிய பற்றரியையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

வந்து போகும் கோளாறுக்குக் குறியீட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை. குறியீடு விழுந்த கணத்தில் வேகம் என்ன, பற்றரியில் எத்தனை வீதம் மின் இருந்தது, எத்தனை அம்பியர் ஓடியது, வெப்பம் எவ்வளவு என்பதெல்லாம் பிரீஸ் பிரேமில் கிடக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பி0ஏ80 என்ற குறியீட்டின் விளக்கத்தில் பற்றரியை மாற்று என்று எழுதியிருப்பதால், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் பற்றரி ஈசியூ சொல்வது, புளொக்குகளுக்கிடையில் வோல்ற் வித்தியாசம் கூடிவிட்டது என்பதை மட்டும்தான். அந்த வித்தியாசம் மொடியூலிலிருந்து வருகிறதா, அளக்கும் வயரிலிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது.

இந்தத் தலைமுறைப் பிரியஸில் 7.2 வோல்ற் மொடியூல்கள் 28, மொத்தம் 201.6 வோல்ற். ஈசியூ அவற்றை இரண்டிரண்டாக 14 புளொக்குகளாகப் பார்க்கிறது. உரிமையாளரையே ஓட்டவிட்டு, அவர் போகும் வீதியிலேயே, அவர் மிதிக்கும் மிதியிலேயே ஸ்கானரைப் பார்த்துக்கொண்டு போனோம். நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. ஒரு பாலத்து மேட்டில் கார் குலுங்கியதும் ஏழாம் புளொக் 14.1க்கு விழுந்தது. அதே கணம் எட்டாம் புளொக் 17.0க்கு ஏறியது. கூட்டினால் 31.1. மற்ற எந்தச் சோடியைக் கூட்டினாலும் அந்த நேரம் ஏறத்தாழ அதேதான்.

பக்கத்துப் பக்கத்துப் புளொக்குகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு வயர் ஒன்றுதான். அதில் தடை ஏறினால் ஒன்று குறைவாகவும் மற்றது அதே அளவு கூடவும் காட்டும், கூட்டுத்தொகை அசையாது. மொடியூல் கெட்டிருந்தால் அது மட்டும் விழும், பக்கத்திலுள்ளது ஏறாது. சுமையில் இறங்கிக்கொண்டே போய், சுமை நின்ற பிறகும் மெல்லத்தான் மீளும். பஸ்பார் நட்டு தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ வேறு குணம்: மின்னோட்டத்தோடு ஒட்டி விழும், ஓட்டம் நின்றதும் உடனே நிமிரும். 10 மில்லி ஓம் தடையில் 100 அம்பியர் ஓடினால் 1 வோல்ற் இழப்பு. அந்தச் சின்ன இடத்தில் 100 வாற் சூடு. செப்பு கருகியிருப்பதை மூடியைத் திறந்தவுடனேயே காணலாம். இன்னும் சந்தேகமென்றால் அந்த மொடியூலை வேறு இடத்துக்கு மாற்றிப் போடுங்கள். குறை மொடியூலோடு நகர்கிறதா, இடத்தோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

திறப்பதற்கு முன்: சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பொறுங்கள். 1000 வோல்ற் கையுறை கட்டாயம். பிளக் வெளியே வந்தாலும் பெட்டிக்குள் மொடியூல்கள் உயிரோடுதான் இருக்கும். திரும்பப் பூட்டும்போது கைபிடியைக் கடைசி நிலைவரை தள்ளாவிட்டால் றெடி வராது. பிறகு நாமே உண்டாக்கிய குறையை நாமே தேட வேண்டியதுதான்.

12 வோல்ற் பற்றரியையும் மறக்க வேண்டாம். ஈசியூக்களுக்கும் மெயின் ரிலேக்களுக்கும் உயிர் கொடுப்பது அது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து குறியீடுகள் ஒன்றாக வந்தால் முதலில் அதையும் அதன் ஏர்த்தையும் பாருங்கள். இன்வேற்றரும் ஒரு சந்தேக நபர்தான்: 2014 பெப்ரவரியில் ரொயோற்றா இந்தத் தலைமுறைப் பிரியஸ்களில் 19 இலட்சத்தை மென்பொருள் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது. அந்தக் குறையில் கார் வலுக்குறைந்து ஓடும், சிலவேளை முற்றாக நிற்கும். பாவித்த வண்டியாக இங்கே வந்ததற்கு அந்தத் திருத்தம் நடந்ததா என்று சேசி நம்பரைக் கொண்டு விசாரிப்பது நல்லது. 2020 முதல் 2025 தொடக்கம்வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், கைவிட்டிருக்க வேண்டிய வண்டிகளும் நம் கைக்கே திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்தப் பிரியஸில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலிருந்த வளைய முனையில் பச்சைப் பூஞ்சணம்போல் துரு. உரிமையாளர் ஐயா மாதம் ஒருமுறை கொழும்பிலுள்ள பிள்ளைகளுக்கு றெஜிபோம் பெட்டியில் மீன் கொண்டுபோவாராம். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி டிக்கி வழியே பற்றரிப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அளவு வயர் செற்றை மாற்றி, பஸ்பார்களைத் துலக்கி, நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றரில் இறுக்கினோம். குறை இதுவரை திரும்பி வரவில்லை.

சாமானுக்குக் காசு வாங்கப் பழகிய நாம், தேடிய நேரத்துக்கு வாங்கக் கூச்சப்படுகிறோம். பற்றரி மாற்றினால் ஒரு மணி நேரத்தில் இலாபம்; வயர் தேடினால் ஒரு நாள் வீண். இந்தக் கணக்கு மாறாதவரை நல்ல பற்றரிகள் குப்பைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இம்முறை பில்லில் “குறை தேடியது, ஆறு மணி நேரம்” என்று தனியாகவே எழுதினோம். ஐயா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“பற்றரி மாத்தேல்லைத்தானே தம்பி, பிறகென்னத்துக்கு இவ்வளவு காசு?”