மைக்காவுக்கு அடியில என்ன இருக்கு?

தோட்டத்து செட்டுல ஸ்பிரேயர், பவர் வீடர் பிரிச்சு மாட்ட ஒரு மேசை உண்டு. போன தடவை விலை கம்மின்னு பார்ட்டிகிள் போர்டு மேல பளபள மைக்கா ஒட்டினேன். ஒரே மழைக்காலம்தான். ஓரத்துல ஈரம் ஏறி, பலகை பொரியா ஊதிருச்சு. மைக்காவுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை!

மைக்காங்கிறது பிசின்ல ஊறின காகித அடுக்கு. கனம் சுமார் 1 மி.மீ. கிரீஸ், டீசல் பட்டா துடைச்சிடலாம். ஆனா பாரத்தைத் தாங்குறது அடிப்பலகைதானே?

இப்போ 19 மி.மீ. மரைன் பிளைவுட், மேல மேட் மைக்கா, நாலு ஓரமும் மர பீடிங். வெளிர் நிறம்தான் வாங்கினேன். குட்டி ஸ்பிரிங் ஒண்ணு தொலைஞ்சா அன்னைக்கு மருந்தடிப்பு போச்சு. சுத்தியல் அடிக்குத் தனியா ஒரு வேப்பங்கட்டை.

கார் ஷெட்டுல மேசை போடப்போற நகரத்து நண்பர்களே, நிறம் பார்க்கிறதுக்கு முன்னாடி அடிப்பலகை என்னன்னு கேளுங்க.