எந்த வானம்பாடி? எந்த ஞானி?

இணையத்தில் தமிழ் இலக்கியம் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது. ஈழத்து ஆவணங்களுக்கான நூலகம் திட்டம் 2005இல் வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தனியார் பலரின் தொகுப்புகளும் இவற்றோடு சேர்ந்து பெருகிக் கிடக்கின்றன. ஆயினும் இருப்பது வேறு, தேடுபவர் கையில் கிட்டுவது வேறு. இந்த வேறுபாட்டைக் கோவைச் சிற்றிதழ்களை முன்வைத்துப் பேச விரும்புகிறோம்.

1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வெளிவந்தது. புவியரசு, சிற்பி, ஞானி முதலியோர் அதனோடு சேர்த்து அறியப்படுபவர்கள். பின்னர் ஞானி ‘பரிமாணம்’, ‘நிகழ்’ ஆகிய இதழ்களை நடத்தினார். இம்மூன்று பெயர்களும் அகராதிச் சொற்கள். வானம்பாடி ஒரு பறவை. 1963இல் வெளிவந்த ஒரு திரைப்படமும்கூட. பரிமாணம் கணக்குப் பாடத்தில் வரும் சொல். ‘நிகழ்’ ஒரு வினையடி. நிகழ்ச்சி, நிகழ்வு, நிகழ்காலம் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. இலக்கிய வாசகருக்கு இவை இதழ்களின் பெயர்கள். தேடுபொறிக்கோ வெறும் எழுத்துக்கோவைகள். பறவையும் படமும் கோடிப்பேர் பேசுபவை; சில நூறு படிகள் அச்சான இதழ் அவற்றின் பின்னே மறைந்துபோவதில் வியப்பில்லை.

ஆள்பெயர் இதைவிடச் சிக்கலானது. கோவை ஞானி (1935–2020) மார்க்சியத் திறனாய்வாளர். ஞாநி (1954–2018) இதழாளர், ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்தியவர். தமிழில் ஓரெழுத்து இருவரையும் பிரிக்கிறது. ஆங்கில எழுத்தில் அதுவும் கரைந்துவிடுகிறது. கோவை ஞானியின் இயற்பெயர் கி. பழனிச்சாமி. கொங்கு நாட்டில் பழனிச்சாமி என்று அழைத்தால் தெருவுக்கு நால்வர் திரும்பிப் பார்ப்பர். முதலெழுத்தோடு ஆங்கிலத்தில் எழுதினாலோ, முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் பெயரும் ஏறத்தாழ அதுவே. இத்தனைக்கும் நடுவில் ஒரு மாணவர் சரியான ஞானியைக் கண்டடைவது இன்று பெரிதும் தற்செயலாகவே இருக்கிறது.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. கணினித் துறையினர் அதைக் ‘கட்டமைந்த தரவு’ என்பர். நாம் பார்க்கும் பக்கத்தின் அடியில், எந்திரம் படிப்பதற்கென்று சில வரிகளை எழுதி வைப்பதுதான் அது. இது கவிதை, இயற்றியவர் இன்னார், இந்த இதழின் இத்தனையாம் எண்ணில் வந்தது, வெளியான ஆண்டு இது, மொழி தமிழ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயரிட்டுச் சொல்கிறோம். எல்லோரும் ஒரே சொல்லைக் கையாள வேண்டும் அல்லவா? அதற்காகக் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் கூடி 2011இல் ‘ஸ்கீமா’ என்னும் பொதுச் சொற்றொகுதியை வெளியிட்டன. தலைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றுக்கு எதிரே நாம் நிரப்புவன தமிழில் இருக்கலாம். நூல், ஆள், கட்டுரை, பருவ இதழ், இதழின் தனி எண் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஒருவருடைய மாற்றுப் பெயர்களை அடுக்கலாம். இவர் விக்கித்தரவில் இந்த எண்ணுக்குரிய அதே ஆள்தான் என்று இணைத்தும் காட்டலாம். அப்படிக் காட்டினால் ஞானி வேறு, ஞாநி வேறு என்பது எந்திரத்துக்கும் விளங்கும்.

தமிழ் படித்தவர்க்கு இது புதுமையன்று. புறநானூற்றுப் பாட்டுகளின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறித்து வைத்தவர்கள் செய்தது வேறென்ன? பதிற்றுப்பத்தில் பாட்டுக்குப் பாட்டு துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று நான்கு குறிப்புகள் நிற்கின்றன. ஒவ்வொரு பத்தின் முடிவிலும் உள்ள பதிகம் பாடிய புலவர், பாடப்பட்ட சேரன், அவன் பெற்றோர், அளித்த பரிசில் ஆகியவற்றைச் சொல்கிறது. பாட்டை இயற்றியவர்கள் அல்லர், பின்னால் வந்து தொகுத்தவர்களே இவற்றை எழுதினார்கள். அந்த உழைப்பின் பயன் கொங்கு மண்ணிலேயே தெரிந்தது. கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழி கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையைச் சொல்கிறது. ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு இவர்களை ஐராவதம் மகாதேவன் போன்றோர் பொருத்திக் காட்டினர். பதிகம் இல்லையேல் அந்தப் பொருத்தம் ஏது?

குறிப்பு இல்லாமற் போனதன் விளைவையும் நம் இலக்கியமே காட்டுகிறது. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவர் சிலரை அவர்தம் பாட்டிலுள்ள தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறோம். அழகிய பெயர்கள்தாம். ஆனால் அந்த அழகுக்குக் கொடுத்த விலை ஒரு மனிதரின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் கவிஞர்களுக்கும் அதே கதி நேர வேண்டுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வலைப்பக்க மென்பொருள்கள் பலவும் அவற்றுக்கான செருகுநிரல்களும் இக்குறிப்புகளைத் தாமே இட்டுவிடும். அப்போது ஆசிரியர் என்ற இடத்தில் பக்கத்தை ஏற்றியவர் பெயரும், வெளியான நாள் என்ற இடத்தில் ஏற்றிய நாளும் விழுவது பெருவழக்கு. 1971இல் அச்சான ஒரு கவிதையை 2009இல் ஒரு நண்பர் அன்போடு தட்டச்சிட்டு ஏற்றினால், எந்திரக் கணக்கில் அது 2009ஆம் ஆண்டுப் படைப்பு. எழுதியவர் அந்த நண்பர். குறிப்பு இல்லாமையைவிடத் தவறான குறிப்பு கொடியது. தொகுப்பாளர், பதிப்பாளர், முதலில் அச்சான இதழ் என்பனவற்றுக்குத் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. அவற்றை நம் கையாலேயே நிரப்பவேண்டும். 2024 முதல் கூகுள் தேடலில் எந்திரம் தானே தொகுத்த விடைகளும் மேலே வந்து நிற்கின்றன. ஆசிரியர் பெயரும் ஆண்டும் பிறழ்ந்த பக்கங்களைப் படித்து அது சொல்லும் விடையும் பிறழ்ந்தே இருக்கும்.

“இது வணிகர்களின் உத்தி, இலக்கியத்துக்கு எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பம்பு செட்டு விற்பவரும் துணிக்கடைக்காரரும் விலையும் நட்சத்திர மதிப்பும் தேடல் பக்கத்திலேயே தெரிவதற்காக இதைச் செய்கிறார்கள் என்பது மெய். அதில் மிகையும் பொய்யும் புகுந்ததும் மெய். பக்கத்தில் வாசகர் காணாத ஒன்றைக் குறிப்பில் எழுதக்கூடாது என்பது கூகுளின் விதி. மீறினால் அச்சிறப்புத் தோற்றம் பறிபோகும். குறிப்பு எழுதியதனாலேயே முதலிடம் கிட்டும் என்ற உறுதியையும் அந்நிறுவனம் தரவில்லை. வினா–விடைப் பக்கங்களுக்கு அளித்துவந்த தனித் தோற்றத்தை 2023இல் பெரும்பாலான தளங்களிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே ஒரு நிறுவனத்தின் தயவுக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. எந்தத் தேடுபொறி வந்தாலும் போனாலும், பாட்டோடு பாடியவர் பெயர் நிற்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. யூனிகோடு அரசின் தரமாக ஏற்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீட்டு முறை என்றிருந்த குழப்பம் அதன்பின் படிப்படியாகத் தணிந்தது. எந்திரம் இன்று நம் எழுத்தைப் படிக்கிறது. யாருடைய எழுத்து, எப்போதைய எழுத்து என்று அதற்குச் சொல்லும் வேலைதான் மிஞ்சியிருக்கிறது.

அது கணினிப் பொறியாளரை நம்பியிருக்கும் வேலையன்று. நிரல் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேல் போகாது. ஒருமுறை அச்சு வார்த்துக்கொண்டால் போதும். கடினமான பகுதி அதில் நிரப்ப வேண்டிய செய்தி. எந்த இதழ், எத்தனையாவது எண், புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதெல்லாம் இதழ்களைப் பாதுகாத்து வைத்திருப்பவர்க்கும் அவற்றில் எழுதியவர்க்குமே தெரியும். அவர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள்; ஞானி போய்விட்டார். கொங்குநாட்டுக் கல்லூரித் தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் மாணவருக்குத் தரும் ஆய்வுத் திட்டங்களில் ஒன்றாக, ஓர் இதழின் ஓர் ஆண்டுத் தொகுதிக்கு முழுக் குறிப்பு எழுதுவதை வைக்கலாம். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே அது நடக்கவேண்டும்.