கைடில் இல்லாத கேள்வி ஒன்று வேண்டும்



சென்னை, மதுரை காமராசர், பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் என்று பல்கலைக்கழகங்கள் பல. இளநிலை அறிவியலில் பாடம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் தேர்வு நெருங்கினால் உள்ளூர் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய வினாத்தாள்தான் கதி. தமிழ்வழியில் படிப்பவருக்கு அதுவும் அரிது. எனவே, மாணவர்களே எழுதும் வினாக்களை இணையத்தில் பொதுவில் வைக்கத் தொடங்கியிருக்கிறோம். எந்தப் பல்கலைக்கழகத்தவரும் விடை சொல்லிப் பார்க்கலாம், காசு கிடையாது.

யோசனை எங்களுடையதல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் டென்னி உருவாக்கிய ‘பியர்வைஸ்’ என்ற இணையதளம் பற்றி 2008-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அந்தத் தளத்தில் மாணவர் வினா, விடைகள், விளக்கம் மூன்றையும் எழுதுவார். மற்றவர்கள் விடையளித்துவிட்டு அந்த வினாவுக்கே மதிப்பெண் போடுவார்கள். எழுதியவர் யாரென்று சக மாணவருக்குத் தெரியாது. நாங்களும் பெயரை வெளியிடுவதில்லை, கூச்சம் வேண்டாம்.

எங்கள் குறை ஒன்றுதான்: வருவதில் பாதி கைடிலிருந்து அப்படியே எடுத்தது. ‘ஒளிச்சேர்க்கை எந்த நுண்ணுறுப்பில் நடக்கிறது?’ என்று கேட்க நாங்கள் எதற்கு? அதே பாடத்தில் இன்னொருவர் இப்படிக் கேட்டிருந்தார்: ‘காய்ந்த வேப்பங்கட்டையின் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண், நீர், காற்று, சூரிய ஒளி.’ உரம் போட்டு வளர்க்கும் ஊரில் மண் என்றுதான் வாயில் வரும். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர் தொட்டியில் ஒரு வில்லோ கன்றை 5 ஆண்டு வளர்த்து நிறுத்துப் பார்த்தார். மரம் சுமார் 74 கிலோ கூடியிருந்தது. மண் 60 கிராம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. ஆகவே எல்லாம் நீர் என்று முடிவுகட்டினார். அவரும் தவறு, விடை காற்று, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. தவறான விடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது பாருங்கள், அந்த நியாயத்தையும் விளக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வினா எழுதுவதில் கடினமும் ருசியும் அங்கேதான்.

ஆசிரியப் பெருமக்களே, ஓய்வுபெற்றவர்களே, விடைகளைச் சரிபார்க்க வாரத்தில் ஒரு மணி நேரம் தாருங்கள். போட்டித் தேர்வின் உத்தேச விடைக்கு மறுப்பு எழுதிப் பழகிய தமிழ்நாட்டில் பிழை கண்டுபிடிக்க ஆள் பஞ்சம் இருக்காது என்று நம்புகிறோம். கலைச்சொல் குழப்பத்தையும் சுட்டிக்காட்டுங்கள்.

உள்மதிப்பீட்டுத் தேர்வின் வினாத்தாளை மட்டும் தேர்வுக்கு முன் அனுப்பாதீர்கள், வந்தால் அழித்துவிடுவோம். இங்குள்ளவற்றைத் தொகுத்து பிடிஎஃப் ஆக்கி விற்கவும் வேண்டாம்.

கணினி இல்லாதவர்கள் தாளில் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும். தட்டச்சு வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்வழி அறிவியல் மாணவர்கள்